சான்றைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமா? – வரலாற்று ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கல்வெட்டு, செப்பேடு, நாட்குறிப்பு, புகைப்படம் ஆகியவற்றை வைத்து வரலாற்று வகுப்பு நடத்துவது பற்றி வந்த கேள்விகளில் ஒத்தவற்றைச் சேர்த்து, வகுப்பறையில் உடனே பயன்படக்கூடியவற்றுக்கு இந்த இதழில் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: பாடத்தை நடத்தி முடித்ததும் அதோடு தொடர்புடைய கல்வெட்டின் படத்தைக் காட்டுகிறேன். மாணவர்கள் பார்க்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், அத்தோடு சரி. சிந்தனை எதுவும் நடப்பதாகத் தெரியவில்லையே? (உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்)

பதில்: வரிசைதான் கோளாறு. விடையைச் சொல்லிவிட்டுச் சான்றைக் காட்டினால் அது பாடத்துக்கு ஒட்டிய படமாகத்தான் நிற்கும். மாணவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள என்ன மிச்சம் இருக்கிறது? முதலில் கேள்வி, அடுத்து சான்று, மாணவரின் விடை, கடைசியில்தான் பாடநூல். இப்படித் திருப்பிப் போடுங்கள்.

கேள்வியைத் தேர்வதில்தான் உழைப்பு அதிகம். நியாயமான இரண்டு விடைகளுக்காவது அதில் இடம் வேண்டும். நீங்கள் கொடுக்கும் சான்றுகளைக் கொண்டே வாதாட முடிய வேண்டும். ஒரே வரியில் கரும்பலகையில் எழுதவும் முடிய வேண்டும்.

‘ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை விவரி’ என்பது மனப்பாடத்துக்கான கட்டளை (கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா பகுதி). அதையே ‘1025-இல் நடந்த படையெடுப்போடு சோழருக்கும் கடாரத்துக்கும் இருந்த உறவு முறிந்துபோனதா?’ என்று கேட்டுப் பாருங்கள். கையில் மூன்று சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, ‘அலைகடல் நடுவில் பலகலம் செலுத்தி’ என்று கடாரத்து அரசனைப் பிடித்ததைப் பாடும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழ்ப்பாடல். இரண்டு, கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு. அந்தக் கொடை ஏறத்தாழ 1006-ஐச் சேர்ந்தது. மூன்று, கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் விகாரத்தின் ஊர்களுக்கு முதலாம் குலோத்துங்கன் வரிவிலக்கு அளித்ததைச் சொல்லும் சிறிய லெய்டன் செப்பேடு, ஏறத்தாழ 1090. நட்பு, போர், மறுபடி நட்பா? அல்லது இதெல்லாம் வணிகமா? பதினாறு வயது மாணவர் இதில் ஒரு பக்கம் சாய்ந்து வாதாட முடியும். வரலாற்றறிஞர்களும் இந்தப் படையெடுப்பின் காரணம் பற்றி ஒரே முடிவில் இல்லை என்பதையும் அவரிடம் சொல்லலாம். ஆனால் வகுப்பின் முடிவில்.

கேள்வி: அப்படியானால் 45 நிமிட வகுப்பில் இதை எப்படி முடிப்பது? எனக்கு மூன்று வகுப்புகள் இழுத்துவிட்டது.

பதில்: மேலே சொன்ன கடாரக் கேள்வியையே வைத்துக்கொண்டால் நேரம் இப்படிப் பிரியும். முதல் 5 நிமிடம் கேள்வி, வரைபடம், நான்கு வரிப் பின்னணி. அடுத்த 10 நிமிடம் மெய்க்கீர்த்தியை ஆசிரியரே உரக்கப் படித்து, தன் மனதில் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ‘இதைப் பாடவைத்தது யார்? வென்றவரே. தோல்வியைச் சொல்வாரா? பிடிபட்ட அரசன் பிறகு என்ன ஆனான் என்று இதில் இல்லையே.’ பெரும்பாலான ஆசிரியர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எப்படிப் படிப்பது என்று ஒருமுறைகூடப் பார்க்காத மாணவரிடம் ‘ஆராய்ந்து சொல்’ என்றால் அவர் வரிகளைப் பெயர்த்து எழுதத்தான் செய்வார்.

அடுத்த 15 நிமிடம் இருவர் இருவராக மற்ற இரண்டு சான்றுகள். பிறகு 10 நிமிடம் வாதம். கடைசி 5 நிமிடம் தனித்தனியாக நான்கைந்து வரி எழுதுவது.

கால வரிசையில் கொடுக்காதீர்கள். 1006, 1025, 1090 என்று அடுக்கினால் கதை தானாகவே முடிந்துவிடும். மெய்க்கீர்த்தியை முதலில் கொடுங்கள். ‘பகை’ என்று பென்சிலில் எழுதுவார்கள். 1006-ஆம் ஆண்டுக் கொடையைப் பார்த்ததும் ‘நட்பு முறிந்தது’ என்று திருத்துவார்கள். 1090-ஐ மடித்தே வைத்திருந்து 22-ஆவது நிமிடத்துக்கு மேல் திறக்கச் சொல்லுங்கள். எழுதியதை இரண்டு தடவை திருத்த வேண்டி வந்த மாணவர், சான்று மாறினால் முடிவும் மாறும் என்பதை உங்கள் விளக்கம் இல்லாமலே பிடித்துக்கொள்வார். பழைய விடையை அழிக்கவிடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே எழுதட்டும். மதிப்பிடும்போது உங்களுக்கு அது வேண்டும்.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இரண்டு ஓட்டைகள். பின்னணி சொல்லப்போய் 5 நிமிடம் 20 ஆகிவிடுவது முதலாவது. ‘இது தெரியாமல் எப்படிப் புரியும்’ என்ற கவலையில் சோழர் வரலாறே வந்துவிடுகிறது. பின்னணியைத் தாளிலேயே நான்கு வரியாக அச்சடித்துவிட்டால் வாய் நீளாது. இரண்டாவது, ஐந்தாறு பேர் கொண்ட குழு. இருவர் படிப்பார்கள், மற்றவர்கள் அவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதுவார்கள். இருவர் போதும். எண்ணிக்கை ஒற்றைப்படையானால் ஒரு குழுவில் மட்டும் மூவர்.

கேள்வி: மூலத்தின் மொழி மாணவர்களுக்குப் புரிவதில்லை. எளிமையாக்கினால் அது மூலமே இல்லை என்கிறார்கள். எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

பதில்: தாராளமாகக் கை வைக்கலாம், ஆனால் கை வைத்தது தெரிய வேண்டும். 11 முதல் 13 வயது வரை ஒரு சான்றுக்கு 100 முதல் 150 சொற்கள், 14 வயதுக்கு மேல் 200 முதல் 250 சொற்கள் என்பது நடைமுறையில் தாங்கும் அளவு. அதற்கு மேல் போனால் படிப்பதிலேயே நேரம் கரைந்துவிடும். நீக்கிய இடத்தில் மூன்று புள்ளி. நீண்ட வாக்கியத்தை உடைக்கலாம். அருஞ்சொற்களுக்கு ஓரத்தில் பொருள் தரலாம், ஆறுக்கு மேல் வேண்டாம். ஆறுக்கு மேல் தேவைப்பட்டால் பகுதியைத் தேர்ந்ததே தவறு. மூலத்தின் இரண்டு வரிகளை உள்ளது உள்ளபடியே மேலே அச்சடித்துவிடுங்கள். யார், எப்போது, எங்கே, எதன்மேல், யாருக்காக எழுதியது என்ற தலைப்பு விவரமும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும்.

எண்கள், பெயர்கள், தற்பெருமை, வசவு, சங்கடமான சொற்கள் இவற்றைத் தொடவே கூடாது. ஆய்வுக்கான பொருளே அவைதான்.

எதை வெட்டுகிறோம் என்பதில் இன்னும் கவனம் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலை முறையைக் காட்ட, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு எடுக்கும் பகுதியை மட்டும் கொடுப்பதுதான் வழக்கம். அந்த அளவோடு நிறுத்தினால் மாணவர் ‘அன்றே மக்களாட்சி’ என்று எழுதிவிட்டுப் போவார். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு என்ற தகுதிகளையும் சேர்த்துக் கொடுத்தால் ‘அப்படியானால் இந்தச் சபையில் யாரெல்லாம் இல்லை?’ என்று கேட்கத் தொடங்குவார். வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழுவில்) பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வரக் கூடாது என்ற பகுதியையும் சேர்த்தால் வேறொரு கேள்வி பிறக்கும்: கணக்குக் காட்டாமல் போனவர்கள் இருந்ததால்தான் இந்த விதி வந்ததா? எந்த வரிகளை வைத்துக்கொள்கிறோமோ அதற்கேற்ற படம்தான் மாணவர் மனதில் பதிகிறது.

அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். 919-ஐச் சேர்ந்ததில் வயது வரம்பு 30-க்கு மேல், 60-க்குள். 921-ஐச் சேர்ந்ததில் 35-க்கு மேல், 70-க்குள். சுருக்குகிறோம் என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் வகுப்பின் மிகச் சுவையான பத்து நிமிடம் போய்விடும். இரண்டே ஆண்டில் ஏன் மாற்றினார்கள்? கல்வெட்டைக் கொண்டு உறுதியாக என்ன சொல்லலாம், எது நம் ஊகம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் பத்தி குட்டையாகத்தான் வரும். அது சரிதான். கூடவே, விதி இருந்தது என்பதும் விதிப்படி நடந்தது என்பதும் ஒன்றல்ல என்பதை யாராவது ஒரு மாணவர் சொல்கிறாரா என்று காத்திருங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘இது ஒருதலைப்பட்சமானது, எனவே நம்ப முடியாது’ என்று எல்லா விடைத்தாளிலும் ஒரே வரி. இதுதான் விமர்சனச் சிந்தனையா?

பதில்: இல்லை. சிந்திக்காமல் தப்பிக்க உதவும் வரி அது. ஏதோ ஒரு கட்டத்தில் அதற்கு மதிப்பெண் கிடைத்திருக்கும், அதனால் ஒட்டிக்கொண்டது.

மருந்து, கேள்வியை மாற்றுவதுதான். ‘இவர் நம்பத்தக்கவரா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்ற இரண்டு விடைதான் வரும். ‘எதற்கு நம்பலாம், எதற்கு யோசிக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்குக் கச்சிதமான சான்று. 1736-இல் தொடங்குகிறது. எழுதியவர் புதுச்சேரி வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். எந்தக் கப்பல் எப்போது வந்தது, யாருக்கு என்ன மரியாதை நடந்தது, சரக்கு என்ன விலை போனது என்பதற்கெல்லாம் அவர் பக்கத்திலிருந்து பார்த்த சாட்சி. இவற்றைத் தவறாகக் குறித்தால் நட்டம் அவருக்குத்தான். அதே பதவிக்குப் போட்டியிட்டவர்களின் குணம் பற்றி அவர் எழுதுவதைப் படிக்கும்போது மட்டும் நிதானிக்க வேண்டும். துய்ப்ளேக்ஸ் தன்னிடம் என்ன சொன்னார் என்று எழுதும் இடங்கள் இரண்டுக்கும் நடுவில்.

இப்படி ஒரு பக்கத்தைக் கொடுத்து, அதில் உள்ள ஐந்து செய்திகளை ‘மிக உறுதி’ முதல் ‘மிக ஐயம்’ வரை வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் அரை வரிக் காரணம். ‘ஒருதலைப்பட்சம்’ என்ற சொல்லை அன்றைக்கு மட்டும் தடைசெய்துவிட்டால் இன்னும் நல்லது. அந்தச் சொல் இல்லாமல் காரணம் சொல்லியாக வேண்டிய நெருக்கடி வரும்போதுதான் ‘போட்டியாளரைப் பற்றிப் பேசுகிறார்’, ‘நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டிருக்கிறார்’ என்றெல்லாம் எழுதத் தொடங்குவார்கள்.

மிகையான மெய்க்கீர்த்தியும் வீண் இல்லை. போர்க்களத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது பலவீனமான சான்று. அரசன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

கேள்வி: முதன்மைச் சான்று எப்போதும் இரண்டாம் நிலைச் சான்றைவிட உண்மையானதுதானே?

பதில்: அப்படி விதி எதுவும் இல்லை. முதன்மைச் சான்று என்பது ஆராயும் காலத்திலேயே உருவானது, இரண்டாம் நிலைச் சான்று என்பது பிற்காலத்தவர் அதைப் பற்றி எழுதியது, அவ்வளவுதான். நிகழ்ச்சிக்கு அருகில் இருந்தவர் பொய் சொல்லலாம், பாதியை மட்டும் பார்த்திருக்கலாம். பல சான்றுகளை ஒப்பிட்டவர் நூறு ஆண்டு கழித்துச் சரியாக எழுதலாம். ஒரே நூல் கேள்விக்கேற்ப இடம் மாறுவதும் உண்டு. 1950-இல் வெளிவந்த ஒரு பாடநூல், சோழர் ஆட்சியைத் தெரிந்துகொள்ள இரண்டாம் நிலைச் சான்று. 1950-களில் மாணவர்களுக்குச் சோழர்களைப் பற்றி என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஆராய்ந்தால் அதுவே முதன்மைச் சான்று.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பாடச் செய்தியே தெரியாதபோது ஆய்வாளர்போல் படி என்பது அதிகப்படியான எதிர்பார்ப்பு இல்லையா?

பதில்: செய்தி வேண்டும், மறுப்பில்லை. ஆனால் செய்தி தெரிந்தவர் எல்லாரும் சான்றை நன்றாகப் படிப்பதில்லை. 1991-இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 8 வரலாற்றறிஞர்களிடமும் 8 உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த 1775 லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, மனதில் தோன்றுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே படிக்கச் சொன்னார்கள். அந்த அறிஞர்களில் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி இல்லாதவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அவர்கள் கண் முதலில் போனது ‘இது யார் எழுதியது, எப்போது’ என்பதற்கு. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை போனார்கள். பாடநூல் பகுதியை மிகவும் நம்பத்தக்கதாகவும் மதித்தார்கள்.

இந்தப் பழக்கத்தை வரவழைக்க ஒரு சின்னப் பயிற்சி போதும். சான்றின் உடல்பகுதியைத் தாளால் மறைத்துவிட்டுத் தலைப்பு விவரத்தை மட்டும் காட்டுங்கள். எழுதியவர் இன்னார், இந்த ஆண்டு, இன்னாருக்கு எழுதிய கடிதம். ‘இதில் என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், எதைச் சொல்லாமல் விட்டிருப்பார்?’ 3 நிமிடம். பிறகு திறந்து பார்த்து, எதிர்பார்த்தது எது, எதிர்பாராதது எது என்று குறிக்க வேண்டும். வாரம் ஒருமுறை செய்தால் ஒரு பருவத்துக்குள் கேட்காமலே தலைப்பைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒன்பது, பத்து வயதுக்காரர்களுக்கும் இது ஒத்துவரும். கடிதத்துக்குப் பதிலாக நாணயம் அல்லது படம்.

கேள்வி: புகைப்படத்தைக் கொடுத்தால் ‘சோகமாக இருக்கிறார்கள்’ என்பதற்கு மேல் எதுவும் வருவதில்லை.

பதில்: பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்கிறார்கள். படத்தைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காக மடிக்கச் சொல்லி, ஒவ்வொரு கால் பகுதியிலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் 2 நிமிடம் பட்டியலிடச் சொல்லுங்கள். ‘வாய் மூடியிருக்கிறது’ என்பது பார்த்தது. ‘சோகம்’ ஊகம். பட்டியல் முடிந்த பிறகே ஊகத்துக்கு அனுமதி, அதுவும் பட்டியலில் உள்ள எதை வைத்து என்று அம்புக்குறி போட்டுக் காட்டி.

மூத்த மாணவர்களுக்கு ரோஜர் ஃபென்டன் 1855-இல் கிரிமியப் போர்க்களத்தில் எடுத்த இரண்டு படங்களைக் கொடுங்கள். கேமரா நின்ற இடம் ஒன்றே. ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் பாதை மேலும் சிதறிக் கிடக்கின்றன, மற்றதில் பாதை வெறுமை, குண்டுகள் ஓரப் பள்ளத்தில் மட்டும். எது முதலில் எடுத்தது? ‘குண்டை அகற்றிப் பாதையைச் சீர்செய்திருப்பார்கள்’ என்று ஒரு கட்சி, ‘படத்துக்காகப் பரப்பியிருப்பார்’ என்று ஒரு கட்சி. ஆளின் குணத்தை வைத்து இரண்டும் முடிவில்லாமல் சண்டை போடும். சரிவில் கிடக்கும் சிறு கற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதை வெறுமையான படத்தில் மேலே இருக்கும் கற்கள், மற்ற படத்தில் கீழே உருண்டிருக்கின்றன. கல் தானாக மேலே ஏறாது. எனவே வெறும் பாதைதான் முதல் படம். குண்டுகளை யார், எதற்காகப் போட்டார்கள் என்பதற்கு இந்தக் கற்களிடம் விடை இல்லை. அந்த எல்லையையும் மாணவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: இணையத்தில் எடுத்த மேற்கோள், செயற்கை நுண்ணறிவு தந்த ‘பழைய கடிதம்’ இவற்றைச் சான்று என்று கொண்டுவருகிறார்கள்.

பதில்: ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், பதிப்பித்த தொகுதி ஆகியவற்றில் ஒன்றிலாவது அதன் இருப்பிடத்தைக் காட்ட முடியாதென்றால் வகுப்பில் சான்றாக ஏற்க வேண்டாம். நீங்களும் தாள் தயாரிக்கச் செயற்கை நுண்ணறிவிடம் ‘ஒரு சோழர் காலக் கடிதம் எழுது’ என்று கேட்காதீர்கள். அருஞ்சொற்பொருள் தயாரிக்க உதவட்டும், ஆனால் ஒவ்வொன்றையும் அகராதியில் சரிபாருங்கள்.

போலியையே பாடமாக்குவதும் நல்ல வழி. ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் பேரரசின் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்புக்குக் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் பல நூற்றாண்டுகள் உண்மையாகவே உலவியது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அது போலி என்று பிரித்துப் போட்டார். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை, உன்னிப்பான வாசிப்பு மட்டும்தான். கான்ஸ்டான்டினோபிள் நகரமே இன்னும் உருவாகாத காலத்தில், அதைப் பெரிய திருச்சபைத் தலைமையிடங்களில் ஒன்றாக அந்த ஆவணம் பேசுகிறதே என்று அவர் கேட்ட கேள்வியை எட்டாம் வகுப்பு மாணவரும் கேட்க முடியும்.

கேள்வி: தேர்வு இருக்கிறது, பாடத்திட்டம் முடிய வேண்டும். மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். ஓர் அலகுக்கு ஒரு முழு வகுப்பு, நடுநடுவே பத்து நிமிடப் பயிற்சி ஒன்றிரண்டு. மற்றவை வழக்கம்போல்.

10 மதிப்பெண் விடையை இப்படிப் பிரிக்கலாம்: கேள்விக்கு நேரான நிலைப்பாடு 2, சான்றிலிருந்து எடுத்துக் காட்டிய வரிகள் 3, அந்தச் சான்று யாருடையது என்பதை விடையில் பயன்படுத்தியது 2, இன்னொரு சான்றோடு ஒப்பிட்டது 2, இதிலிருந்து எதைச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டது 1. நிலைப்பாடு உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர்கள் செய்யும் ஆராய்ச்சியாக இருக்கும்.

திருத்தும்போது அடிக்கடி தட்டுப்படுவது மேற்கோளை வைத்துவிட்டு விளக்காமல் நகர்ந்துவிடுவது. வரி இருக்கும், அது எப்படித் தன் வாதத்துக்கு உதவுகிறது என்பது இருக்காது. அப்படிப்பட்ட விடைக்கு 3-இல் 1 போட்டு, வரியின் ஓரத்தில் ‘அதனால்?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். மறுநாள் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக் கொண்டுவந்தால் மீதி மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். நாற்பது தாள்களில் நீளமான குறிப்பு எழுதுவதைவிட இது வேகமானது, பலனும் அதிகம்.

கேள்வி: படுகொலை, அடிமை வணிகம், தீண்டாமை பற்றிய ஆவணங்களை எப்படிக் கையாள்வது?

பதில்: முதல் நாளே ‘நாளை படிக்கப்போவதில் வன்முறையும் இழிசொற்களும் இருக்கின்றன’ என்று சொல்லிவிடுங்கள். இழிசொல்லைத் தாளில் விடலாம், உரக்கப் படிக்கவைக்கக் கூடாது. நடித்துக் காட்டும் பயிற்சி அறவே வேண்டாம். அடிமையாகவோ எஜமானாகவோ ஒரு குழந்தையை நிறுத்தினால் காயம்தான் மிஞ்சும். அதிகாரியின் அறிக்கையை மட்டும் கொடுத்து நிறுத்திவிடாமல், பாதிக்கப்பட்டவர்களின் மனு, வாக்குமூலம், பாடல் என்று அவர்கள் வாயிலிருந்து வந்த ஒன்றையாவது சேருங்கள். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால், அது ஏன் எழுதப்படவில்லை, ஏன் பாதுகாக்கப்படவில்லை என்பதையே அன்றைய கேள்வியாகக் கரும்பலகையில் எழுதலாம்.